ஃப்ளைவீல்: கனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினை ஓடவைக்க பேட்டரி வேண்டாம். தெம்புள்ள ஓர் ஆளும் ஒரு ஹேண்டிலும் போதும். முதலில் டீகம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட வேண்டும். வால்வு திறந்தே நிற்பதால் சிலிண்டருக்குள் காற்று அடைபடாது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் முதல் சில சுற்றுக்குத் தோள்பட்டை கடுக்கும். பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம் வேகம் பிடித்துவிடும். அந்த வேகத்தில் லீவரைத் தட்டிவிட்டால் ‘டப்’பென்று முதல் வெடி. டீசல் எஞ்சினில் உள்ளே வந்த காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால்தான் எண்ணெய் பற்றும். அந்த நசுக்கலைச் செய்தது சக்கரம். அதுவரை சுற்றிச் சுற்றி அதற்குள் உழைப்பைச் சேர்த்துவைத்தது மட்டுமே கையின் வேலை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துத் தோட்டங்களில் கமலை ஓய்ந்து மின்மோட்டார் வரும்வரை கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றியவை இத்தகைய எஞ்சின்கள். அந்தக் கனத்த சக்கரத்துக்கு ஃப்ளைவீல் என்று பெயர். அதே உறுப்பு காரிலும் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் கடைசியில் போல்ட்டால் முடுக்கப்பட்ட ஒரு வட்டத்தட்டு அது. அதன் விளிம்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியர். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட் அழுந்தும்.

கிணற்றடியில் இருப்பவருக்கு இந்தச் சக்கரம் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. கார்ப் பந்தயக்காரரோ அதிலிருந்து 100 கிராமைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறார். இருவர் கணக்கும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்பது புரிந்துவிட்டால், வண்டியை வேகமாக்க நினைக்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு, அதாவது எஃகு ஃப்ளைவீல் போடுவதா அலுமினியம் போடுவதா என்பதற்கு, விடை தானாகக் கிடைத்துவிடும்.

வெடிக்கும் வெடிக்கும் நடுவே

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பலம் தருகிறது. மற்ற நேரமெல்லாம் காற்றை இழுப்பதற்கும் நசுக்குவதற்கும் புகையைத் தள்ளுவதற்கும் அது பலத்தை வாங்கிக்கொள்கிறது. வெடிக்கும்போது கிடைப்பதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, வெடிக்காத நேரத்தில் திருப்பிக் கொடுப்பதே ஃப்ளைவீலின் வேலை.

இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1929-இல் தொடங்கிய சி.எஸ். வரிசை எஞ்சின்களில் 6/1 என்ற வகை பெயர் பெற்றது. நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தரும். அதைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகளில் செய்த எஞ்சின்கள் இந்தியா முழுக்கப் பரவின. 650 சுற்று என்றால் நிமிடத்துக்கு 325 வெடி, அதாவது நொடிக்கு ஐந்தரை. காதால் எண்ணிவிடலாம். இவ்வளவு பெரிய இடைவெளியில் எஞ்சின் மூச்சடைத்து நிற்காமல் இருக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சக்கரங்கள் தேவைப்பட்டன.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 6,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 200 வெடி. இடைவெளி என்ற ஒன்றே இல்லாததுபோல் பலம் தொடர்ந்து வருகிறது. அந்த வேகத்தில் ஃப்ளைவீலுக்குப் பெரிய வேலை இல்லை. அதே எஞ்சின் சிக்னலில் 800 சுற்றில் நிற்கும்போது நொடிக்கு 27 வெடிக்கும் குறைவு. அப்போதுதான் கனம் தேவைப்படுகிறது. எப்போதும் உச்ச வேகத்திலேயே ஓடும் எஞ்சினுக்குக் கனம் சுமை. நின்று நின்று போகும் எஞ்சினுக்குக் கனம் துணை.

இந்த வேறுபாட்டை நம் ரோட்டிலேயே பார்த்திருப்போம். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த புல்லட்டின் கிராங்க்கேஸுக்குள் கனத்த சக்கரங்கள் இரண்டு உண்டு. டாப் கியரில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கினாலும் அது தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருக்கும். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சீறும். டாப் கியரில் மெதுவாகப் போகச் சொன்னால் உதறிக்கொண்டு நிற்கும். அது டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் சுழலும் கனம் கூடினால் நிதானம், குறைந்தால் துடிப்பு என்ற பாடம் இரண்டிலும் தெளிவாகவே தெரியும்.

கனம் எங்கே இருக்கிறது?

சுழலும் கனத்தைப் பயன்படுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் தக்களிகள் இந்த வேலையைத்தான் செய்தன. நூல் திரிக்கும் கம்பியின் அடியில் கோத்த அந்தச் சிறு வட்டு, விரல் ஒருமுறை சுண்டிவிட்டதை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் சுழலும். திருச்சுழிக்கு வடகிழக்கே மானாமதுரையில் கடம் வனையும் வேளார்களின் பழைய சக்கரமும் அதே வகை. கோலால் சுழற்றிவிட்டு, அது ஓயும்வரை இரண்டு கையையும் மண்ணுக்குக் கொடுத்துவிடலாம்.

வேளார் சக்கரத்தில் கனமெல்லாம் விளிம்பில் இருக்கும். நடுவில் ஆரக்கால் மட்டும். ஆயில் எஞ்சின் சக்கரமும் அப்படித்தான். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்போம். அது எடையைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்த எடை இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அச்சிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிலோவை விட, 13 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிலோ கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகமாக எதிர்க்கும்.

ஃப்ளைவீல் வாங்கப் போகிறவர் மறக்கக் கூடாத கணக்கு இது. கடைக்காரர் தராசில் வைத்து ‘நாலு கிலோதான்’ என்று காட்டுவது பாதி உண்மை. அந்த நாலு கிலோ நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதுதான் மீதி.

சோழவரத்திலிருந்து செட்டிபாளையம் வரை

தமிழ்நாட்டுக்குக் கார்ப் பந்தயம் நெடுங்காலப் பழக்கம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை வந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் ஓட்டியவர். தாமே பந்தயக் கார்களை வடிவமைத்தவர். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, அதிகச் செலவு செய்ய முடியாத இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்டது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை, கரி மோட்டார் ஸ்பீட்வே, அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு வேகத்தைத் தேடுகிறவருக்கு வழி இரண்டே. பலத்தைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் வீணாகப் போகும் பலத்தைக் குறைக்க வேண்டும். ஃப்ளைவீலைக் குறைப்பது இரண்டாவது வழி. எஞ்சின் வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் தன்னுடைய சக்கரத்தையும் சேர்த்தே வேகப்படுத்த வேண்டியிருக்கிறது. அதில் செலவாகும் பலம் அந்த நேரத்தில் டயருக்குப் போய்ச் சேராது.

வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் பந்தயத்தில் இன்னொரு லாபமும் உண்டு. மேல் கியருக்குப் போகும்போது எஞ்சின் சுற்று சட்டென்று இறங்க வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது ஒரு மிதியில் ஏற வேண்டும். கனம் குறைந்த சக்கரம் இரண்டையும் உடனே செய்யும். ஓட்டுபவரின் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தாமதமே இல்லாததுபோல் தோன்றும். பணம் கொடுத்து வாங்கும் சுகத்தில் பெரும்பகுதி இதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஃப்ளைவீலைக் குறைத்தால் குதிரைத்திறன் கூடாது. கனத்த உருளையைச் சுழற்றிப் பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஓரிரு குதிரைத்திறன் கூடியதுபோல் காட்டலாம். அந்த இயந்திரம் எஞ்சின் வேகமெடுப்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறது; சக்கரத்துக்குப் போகும் பங்கு குறைந்ததால் உருளைக்கு அதிகம் வந்திருக்கிறது. ஒரே வேகத்தில் நிறுத்தி அளந்தால் பழைய எண்ணே வரும்.

78 கிலோவும் 4 கிலோவும்

எவ்வளவு லாபம்? ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 7 கிலோ எடை, 13 சென்டிமீட்டர் ஆரம் உள்ள தட்டையான ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, அதே அளவில் 3.5 கிலோவில் ஒன்றைப் போடுகிறோம். முதல் கியரில், டிஃபரன்ஷியலையும் சேர்த்து, டயர் ஒரு முறை சுற்ற எஞ்சின் 14 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர்.

குறைந்தது மூன்றரைக் கிலோதான். ஆனால் கியர் விகிதமும் வர்க்கமாகப் பெருகும் என்பதால், முதல் கியரில் வண்டி வேகமெடுக்கும்போது கிடைக்கும் பலன், வண்டியின் எடையில் ஏறத்தாழ 78 கிலோவை இறக்கியதற்குச் சமம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை இறக்கிவிட்ட மாதிரி.

ஐந்தாவது கியருக்குப் போவோம். அங்கே டயர் ஒருமுறை சுற்ற எஞ்சின் மூன்று முறைக்குச் சற்று மேல் சுற்றினால் போதும். அதே மூன்றரைக் கிலோவுக்கு இப்போது கிடைக்கும் பலன் 4 கிலோ மட்டுமே. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இதைவிட அதிகம் மிச்சம்.

ஆகவே இலகு ஃப்ளைவீலின் பலன் கீழ்க் கியர்களில்தான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் வளைவிலிருந்து சீறி வெளிவரும் காருக்கு இது பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் டாப் கியரில் ஒரே வேகத்தில் போகும் காருக்கு இது கணக்கிலேயே வராது.

எஃகு, அலுமினியம்

கம்பெனி ஃப்ளைவீல்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. மாற்றுவதென்றால் இரண்டு வழி. ஒன்று, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகை வெட்டிக் கடைந்தது. மற்றொன்று, 6061 போன்ற அலுமினியக் கலவையில் கடைந்தது.

எஃகின் அடர்த்தி, கன மீட்டருக்கு சுமார் 7,850 கிலோ, அலுமினியத்துக்கு 2,700. அப்படியென்றால் அலுமினியத்தில் செய்தால் மூன்றில் ஒரு பங்குதானே வரும் என்று தோன்றும். வராது. அலுமினியம் மென்மையானது, கிளட்ச் பிளேட்டின் உராய்வைத் தாங்காது. எனவே கிளட்ச் அழுந்தும் இடத்தில் ஒரு எஃகு வளையத்தைத் திருகியோ ரிவெட் அடித்தோ பொருத்த வேண்டும். ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியரும் எஃகாகத்தான் இருக்க முடியும். அதுவோ விளிம்பின் கடைசியில், கனம் மிகவும் உறைக்கும் இடத்தில் இருக்கிறது. அலுமினியச் சக்கரத்திலும் ஓரத்துக் கனத்தில் பெரும்பகுதி எஃகின் கனமாகவே நின்றுவிடுகிறது.

எஃகில் செய்பவர் வேறு வழியில் போகிறார். நடுப்பகுதியைத் திடமாக வைத்துக்கொண்டு, விளிம்புக்குப் பின்புறத்தைக் குடைந்து மெல்லியதாக்குகிறார். எஃகின் வலிமை அதற்கு இடம் கொடுக்கிறது. தராசில் அது அலுமினியத்தை விடக் கனமாகவே இருக்கும். சுழலும்போது இரண்டுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். அதனால் வாங்கும்போது எடையைக் கேட்பதை விட நிலைமத் திருப்புத்திறனின் எண்ணைக் கேட்பது நல்லது. நல்ல தயாரிப்பாளரிடம் அந்த எண் இருக்கும்.

அடுத்தது சூடு. கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும்போது பிறக்கும் சூட்டை ஃப்ளைவீல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு சூட்டைத் தாங்கும். எடையும் பாதியாகிவிடுவதால் கடைசியில் இரண்டும் அருகருகே வந்துவிடும். சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம். ஆனால் அந்தச் சூடு முதலில் மேலே இருக்கும் மெல்லிய எஃகு வளையத்தில் பிறந்து, இரண்டும் ஒட்டும் இடத்தைத் தாண்டித்தான் அலுமினியத்துக்கு வர வேண்டும். வளையம் சரியாக உட்காராவிட்டால் அது மட்டும் தனியாகச் சிவந்து வளையும். கிளட்ச் உதறத் தொடங்கும். வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அலுமினியத்தின் பக்கம் உள்ள நியாயம்.

சூட்டோடு விரிவும் வரும். 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் சூடு 100 டிகிரி கூடினால் எஃகு 0.3 மில்லிமீட்டர் விரியும், அலுமினியம் 0.6. கிராங்க்கும் போல்ட்டும் எஃகு, நடுவில் அலுமினியம் என்றால் ஒவ்வொரு சூட்டிலும் போல்ட்டின் இறுக்கம் ஏறி இறங்கும். போல்ட் தலைக்கு அடியில் எஃகுத் தகடு வைக்காமலும் டார்க் ரென்ச் இல்லாமல் கைமதிப்பில் முடுக்கியும் மாட்டினால், சில நாளில் இறுக்கம் விட்டுவிடும்.

ஆயுளிலும் வேறுபாடு உண்டு. ஒரு வரம்புக்குக் கீழான அழுத்தம் எத்தனை கோடி முறை வந்தாலும் எஃகு தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு திட்டமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு சுழற்சியும் அதன் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. பந்தயக் காரில் இதைப் பற்றிக் கவலை இல்லை. சில பந்தயத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, விரிசல் கண்டால் தூக்கிப் போடுவார்கள். அன்றாடம் வேலைக்குப் போய்வரும் காரைப் பத்து ஆண்டுக்கு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

லேத்தில் சீவினால் என்ன?

புதிதாக வாங்குவானேன், இருக்கும் சக்கரத்தையே லேத்தில் கொடுத்துச் சீவிவிடலாமே என்று ஒரு யோசனை வரும். லேத் பட்டறைக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை, கூலியும் குறைவு. ஆபத்தும் இங்கேதான்.

7,000 சுற்றில் 13 சென்டிமீட்டர் ஆரத்தில் இருக்கும் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த இடத்தில் 10 கிராம் எடையுள்ள ஒரு போல்ட் இருந்தால், அது 70 கிலோ கனத்தோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். சுற்று இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு நசுக்குவதைத் தாங்கும். இழுப்பதைத் தாங்குவதில் பலவீனமானது. வளையாது, முன்னறிவிப்புத் தராது, ஒரேயடியாக வெடிக்கும். பழைய கிளட்ச் சூட்டில் விழுந்த நுண்விரிசல்கள் அதன் முகத்தில் ஏற்கெனவே இருக்கலாம். துண்டுகள் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வரும் இடம் ஓட்டுபவரின் காலடி. இதனால்தான் அமெரிக்காவின் நேர்கோட்டுப் பந்தயங்களில் எஸ்.எஃப்.ஐ. 1.1 என்ற தரச்சான்று பெற்ற ஃப்ளைவீலையும், அதைச் சுற்றி எஃகுக் கவசத்தையும் வலியுறுத்துகிறார்கள்.

கிளட்ச் முகத்தைச் சமப்படுத்த மெல்லிசாகக் கடைவது வேறு. கம்பெனி சொல்லும் வரம்புக்குள் அதைச் செய்யலாம். கனத்தைக் குறைக்க வார்ப்பிரும்பைச் சீவுவது கூடாது. எந்தச் சக்கரமானாலும் மாட்டும் முன் பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஓரத்தில் சில கிராம் ஏறுமாறாக இருந்தாலே கிராங்க் பேரிங் அடிவாங்கும்.

இன்னொரு எச்சரிக்கை டீசல் கார்க்காரர்களுக்கு. இன்றைய டீசல் கார்கள் பலவற்றில் இருப்பது இரட்டைத் தட்டு ஃப்ளைவீல். இரண்டு தட்டுக்கும் நடுவே சுருள்வில் வைத்து, எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஒற்றைத் தட்டைப் போட்டால், ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். அதிர்வைத் தின்றுதின்று பல்சக்கரமும் தேயும். பெட்ரோல் காரிலும் சக்கரம் அளவுக்கு மீறி இலகுவானால், சுற்றில் வரும் ஏற்ற இறக்கத்தை மிஸ்ஃபயர் என்று எண்ணிக் கம்ப்யூட்டர் எச்சரிக்கை விளக்கை எரியவிடலாம்.

நம் ரோட்டுக்கு எது?

அருப்புக்கோட்டைக்காரர் ஒருவரின் ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை. ஏறினால் டாப் கியர், இறங்கும்வரை அதே வேகம். அங்கே இலகு ஃப்ளைவீலின் லாபம் நாம் கண்ட 4 கிலோ. மற்றொன்று, ஊருக்குள் கடைவீதியும், திருச்சுழி பக்கத்துக் கிராமச் சாலையும். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்வது, கிடைக்குப் போகும் ஆட்டுமந்தை விலகும்வரை நின்று எடுப்பது, கண்மாய்க் கரை ஏற்றத்தில் நகர்த்துவது என்று முழுக்க முழுக்கக் கிளட்சில்தான் ஓட்டம். அங்கே இலகு சக்கரம் எதிராகத் திரும்பும். சேமிப்பு குறைவு என்பதால் கிளட்சை விடும்போது கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஆஃப். கூடுதலாகக் கொடுத்தால் கிளட்ச் அதிகம் வழுக்கும்; வழுக்கினால் சூடு. சித்திரை வெயிலில் ஏசியும் ஓடும்போது ஐடிலிங் இன்னும் தள்ளாடும்.

ஆகவே தினசரி ஓட்டும் காருக்குக் கம்பெனி சக்கரமே சரி. அந்தக் காசைத் தரமான டயருக்கும் பிரேக் பேடுக்கும் போட்டால் வேகத்திலும் தெரியும், உயிருக்கும் நல்லது. வாரநாளில் வேலைக்கும், மாதம் ஒருமுறை பந்தயப் பாதைக்கும் ஒரே காரைக் கொண்டுபோகிறவர், பாதிக்கு மேல் குறைக்காத எஃகு ஃப்ளைவீலைத் தேர்ந்தெடுக்கலாம். சூட்டுக்கும் அஞ்சாது, கண்டும் காணாமல் விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பந்தயத்தில் மட்டும் இறக்கும் காருக்கு அலுமினியம் பொருந்தும். ஆனால் தம் பிரிவின் விதிப்புத்தகம் ஃப்ளைவீலைத் தொட அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாட்ட முடியும்; கூலியில் பாதி அந்த வேலைக்கே போய்விடும். எனவே கிளட்ச் தேய்ந்து எப்படியும் கியர்பாக்ஸை இறக்கும் நாள் வரும்வரை பொறுத்திருந்து, கிளட்ச் செட், பைலட் பேரிங், கிராங்க் ஆயில் சீல், புதிய ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.